பேட்ஜில் இருக்கும் தம்பி

டிஜிட்டல் பேட்ஜ்காரர் என்று ஓர் இனம் சமீப காலமாக நம்மிடையே பெருகி வருகிறது. ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நம்மைப் போலவே சட்டை போட்டிருப்பார், நம்மைப் போலவே டீ குடிப்பார், நம்மைப் போலவே சில்லறைக்குப் பையைத் தடவுவார். ஆனால் அவரிடம் ஏதாவது கேட்டுப் பாருங்கள். மணி என்ன என்று கேட்டாலும் போதும், மணி பார்க்க எடுத்த போனை உங்கள் மூக்குக்கு நேராக நீட்டுவார். அதில் வட்டமாக, நீலமாக, ஓரத்தில் தங்க நிறக் கரை கட்டி ஒன்று மினுங்கும். அதுதான் பேட்ஜ். சட்டையில் குத்த முடியாது, கையால் தொட முடியாது, சார்ஜ் தீர்ந்தால் கண்ணால் பார்க்கவும் முடியாது. இருந்தாலும் அது இல்லாத காலத்தில் எப்படி உயிரோடு இருந்தோம் என்று அவருக்கே இப்போது விளங்குவதில்லை.

இந்த இனத்தில் டாக்டர் உண்டு, ஆடிட்டர் உண்டு, இன்ஜினியர் உண்டு. அவர்களைப் பற்றியெல்லாம் பேச எனக்குத் தகுதி இல்லை. கொல்லிமலையில் வாழும் போட்டோக்கார பேட்ஜ்காரர் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவரை மிக நெருக்கத்தில் கவனித்தவன் நான். தினமும் காலையில் அவருக்கு நான்தான் சவரம் செய்கிறேன்.

பெயர் தனபால். வயது ஐம்பத்தொன்று. செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஸ்டுடியோ. மலைமேலும் மலையடிவாரத்திலும் கேமராவை வைத்துப் பிழைக்கும் நாற்பத்தொரு பேர் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர்கள் சங்கத்தின் துணைத் தலைவர். இந்தத் துணைத் தலைவர் பதவிக்கு வேலை எதுவும் கிடையாது. வேலை இல்லாத பதவியில் இருப்பவனுக்குத்தான் யோசனைகள் வரும். எனக்கும் வந்தது. ஒரு கூட்டத்தில் எழுந்து, "காகிதத்தில் அடித்த அட்டையைக் காட்டிக்கொண்டு திரியும் காலம் மலையேறிவிட்டது" என்றேன். நாம் இருப்பதே மலையில்தானே என்று யாரோ பின்னால் முனகினார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. மூன்று மாதத்தில் எல்லாருக்கும் மெயில் வந்துவிட்டது: "வாழ்த்துகள். தாங்கள் இனி சரிபார்க்கப்பட்ட உறுப்பினர்."

அன்று சாயங்காலம் அதை என் மனைவி ருக்குமணியிடம் காட்டினேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து படித்தாள்.

"இருவத்தாறு வருசமா நானுந்தான் சரிபாத்துட்டு இருக்கறேன். இவங்க எப்படிங்க மூணே மாசத்துல முடிச்சாங்க?" என்றாள்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பேட்ஜ் வந்தபின் பேட்ஜ்காரரின் வாழ்க்கை எப்படி மாறுகிறது என்று கேட்கிறீர்களா? வாட்ஸப் முகப்பில் பேட்ஜ், ஸ்டேட்டஸில் பேட்ஜ், கொட்டேஷன் தாளின் தலையில் பேட்ஜ், கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் பேட்ஜ், பைக்கின் பெட்ரோல் டேங்க்கில் ஸ்டிக்கராக பேட்ஜ், மச்சினன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு வைத்த வாழ்த்துப் பேனரில் மச்சினனைவிட ஒரு சுற்றுப் பெரிதாக பேட்ஜ். இத்தனையும் போட்டுவிட்டு, "நமக்கு இந்த விளம்பரமெல்லாம் புடிக்காதுங்க" என்பார். அதையும் ஸ்டேட்டஸில் போடுவார்.

இரண்டு பேட்ஜ்காரர்கள் சந்தித்துக்கொள்வதை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். நானும் அர்த்தனாரி அண்ணனும் இருபது வருஷமாக ஒரே பெஞ்சில் டீ குடிப்பவர்கள். முன்பெல்லாம் "நல்லாருக்கீங்களா" என்று ஆரம்பிப்போம். இப்போது அவர் போனை நான் ஸ்கேன் செய்வேன், என் போனை அவர் ஸ்கேன் செய்வார். வட்டம் சுற்றும். எங்கள் மலையில் அது சுற்றி முடிப்பதற்குள் டீ ஆடை கட்டிவிடும். கடைசியில் படமும் பெயரும் பச்சை டிக்கும் வந்ததும், "அட, நீங்கதானுங்களா" என்று இருவரும் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவோம். டீக்கடைக்காரர் மட்டும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அவர் எந்தச் சங்கத்திலும் இல்லாதவர், பாவம்.

இந்த இடத்தில் பேட்ஜில் இருக்கும் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மற்ற தொழில்காரர்கள் பேட்ஜுக்குப் படம் கேட்டால், ஒரு படம் எடுத்து அனுப்புவார்கள். போட்டோக்காரனால் அது முடியாது. இருபத்தைந்து வருஷமாக ஊரார் முகத்தில் இருக்கும் பருவையும் தழும்பையும் துடைத்துத் துடைத்துப் பழகிய கை. தன் முகம் கிடைத்தால் விட்டுவிடுமா? முதலில் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை மட்டும் எடுத்தேன். எடுத்ததும் கன்னத்து மச்சம் துருத்திக்கொண்டு தெரிந்தது, எடுத்தேன். மச்சம் போனதும் தாடை தொங்குவதாகப் பட்டது, ஏற்றினேன். காதை உள்ளே தள்ளினேன். நிறத்தை இரண்டு படி கூட்டினேன். கடைசியில் வழுக்கை ஒன்றுதான் பாக்கி. கம்ப்யூட்டரில் யாரோ ஒரு பையனின் பாஸ்போர்ட் சைஸ் படம் கிடந்தது, அதிலிருந்து முடியை வெட்டி என் தலையில் ஒட்டினேன். முடிக்கும் தாடைக்கும் பொருந்தவில்லை. சரி என்று அவன் தாடையையும் எடுத்துக்கொண்டேன்.

நான் மட்டுமா? நாற்பத்தொரு பேட்ஜையும் வரிசையாகப் பார்த்தால் காலேஜில் புதிதாகச் சேர்ந்த பையன்களின் பட்டியல் போல இருக்கும். அர்த்தனாரி அண்ணனுக்கு வயது அறுபத்து மூன்று. பேட்ஜில் அவருக்கு மீசையே இப்போதுதான் அரும்புகிறது. யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

அந்தப் பாஸ்போர்ட் சைஸ் பையன் யார் என்று கேட்பீர்கள். அவன் பெயர் யுவராஜ். பஸ் ஸ்டாண்டு மொபைல் கடையில் வேலை பார்ப்பவன். பேங்குக் கணக்குக்கு என்று என் கடையில் படம் எடுத்துக்கொண்டு போனான். ஆறு மாதம் கழித்துப் பழைய கேமரா ஒன்றை வாங்கி, காதுகுத்துக்கும் சீருக்கும் அவனே படம் எடுக்க ஆரம்பித்துவிட்டான். டச்சப் தெரியாது, லைட் வைக்கத் தெரியாது, சங்கத்தில் கிடையாது. ஆனாலும் ஜனங்கள் அவனைக் கூப்பிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பேட்ஜ் யோசனையே அந்த எரிச்சலில் பிறந்ததுதான்.

ஆவணி மாதம் வளப்பூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்போம்) மிளகு விவசாயிகள் விழா என்று அறிவித்தார்கள். நல்ல மிளகு விளைவித்த ஐந்து பேருக்கு மேடையில் கேடயம். படம் எடுக்கும் பொறுப்பு எங்கள் சங்கத்துக்கு. மற்ற நாற்பது பேருக்கும் அன்றைக்கு முகூர்த்தம் இருந்ததால் நான்தான் போவதாக முடிவாயிற்று. உடனே துணைத் தலைவர் என்ற முறையில் விழாக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேடைக்கு முன்னால் படக்காரர்களுக்கென்று கயிறு கட்ட வேண்டும், அதற்குள் பேட்ஜ் உள்ளவர் தவிர யாரும் வரக் கூடாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா நின்றால்தானே? "பேட்ஜ் சரிபார்க்கப்படாத எவரும், அவர் எத்தகைய செல்வாக்கு உடையவராயினும், 'நான்தான்' என்று வாயால் சொல்வதை மட்டும் நம்பி அனுமதிக்கப்படலாகாது" என்று ஒரு வரி சேர்த்தேன். கையெழுத்துப் போட்டு இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். யுவராஜின் முகம் போகிற போக்கை நினைத்து அன்று சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அத்தாயி கடைக்கு வந்தார். பரிசு வாங்கப் போகும் ஐவரில் ஒருவர். பலா மரத்தில் கொடி ஏற்றி மிளகு எடுப்பதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"ஏனுங்க, விழாக்காரங்க கேட்டாங்கன்னு போன மாசம் ஒரு போட்டோ எடுத்தீங்களே, அதைப் பேனர்ல போட்டிருக்கறாங்க."

"பாத்தேனுங்க. அருமையா வந்திருக்குது."

"திருப்புலி நாட்டுல இருந்து எங்க அக்கா வந்து பாத்துட்டு, பரிசு வாங்கற அந்தப் பொம்பள எந்த ஊருன்னு என்கிட்டயே கேக்கறாங்க."

"லைட்டா டச்சப் பண்ணியிருக்கேனுங்க."

"லைட்டான்னா?"

"நிறம், சுருக்கம், அப்பறம் மூக்கு."

"மூக்குமுங்களா?" என்று மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோபப்படவில்லை. "எங்க மேகலாவுக்குத் திருப்பூர்ல லீவு கெடைக்கலீங்க. கம்பெனியில விட மாட்டேங்கறாங்களாமா. மேடையில நான் வாங்கறப்ப ஒண்ணே ஒண்ணு எடுத்து அவளுக்கு அனுப்போணும். பாத்தா அம்மான்னு தெரியோணும். அது போதுமுங்க."

நான் போனை எடுத்து பேட்ஜைக் காட்டினேன். "சரிபார்க்கப்பட்ட உறுப்பினர் எடுக்கற படமுங்க. கவலைய விடுங்க" என்றேன். அவர் பேட்ஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பேட்ஜைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விழா நாளன்று இரண்டு கேமரா, ஒரு ஃபிளாஷ், இஸ்திரி போட்ட சட்டை சகிதம் கயிற்று வாசலுக்குப் போனேன். அங்கே சுகுணா என்ற பெண் போனும் கையுமாக நின்றிருந்தார். நாமக்கல்லில் இருந்து விழா வேலைக்காக வந்தவர், மலையில் யாரையும் தெரியாது. நான் பேட்ஜை நீட்டினேன். ஸ்கேன் செய்தார். அதிசயமாக உடனே பச்சை டிக் வந்தது. படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்க பையன் வரலீங்களா?"

"எந்தப் பையன்?"

"இதுல இருக்கற தம்பிங்க. தனபால்."

"நான்தாங்க தனபால்."

சுகுணா சிரிக்கவில்லை. மரியாதையாகவே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க, அப்பா பேட்ஜுல பையனோ, பையன் பேட்ஜுல அப்பாவோ விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாங்க."

"யார் சொன்னது?"

ஒரு தாளை எடுத்துக் காட்டினார். என் கடிதம். "இதுல துணைத் தலைவர் தனபால்னு கையெழுத்துப் போட்டிருக்கறாருங்க. ரொம்பக் கறாரான மனுசருன்னு சொன்னாங்க."

"அந்தத் தனபால் நான்தாங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள், 'நான்தான்' என்று வாயால் சொல்வதை நம்பலாகாது என்ற வரியில் அவருடைய விரல் வந்து நின்றது.

ஆதார் அட்டையைக் காட்டினேன். வேறு அட்டை செல்லாது என்றும் அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தேனாம். அவ்வளவு யோக்கியமாக எழுதியிருக்கிறேன் பாருங்கள். விழாக்காரர்கள் எல்லாரும் மேடைமேல், கூப்பிட்டால் கேட்காது. பின்னால் பொதுஜனங்களின் தடுப்பில் நின்றிருந்த அத்தாயியின் வீட்டுக்காரர் சுப்பையன் என் பரிதவிப்பைப் பார்த்து ஓடி வந்தார்.

"அம்மிணி, இவரை உடுங்க. எங்க கல்யாணத்துக்கே போட்டோ புடிச்சவருங்க இவரு."

"உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருசமுங்க?"

"இருவத்தஞ்சு ஆச்சு."

சுகுணா போனில் இருந்த முகத்தை அவரிடம் திருப்பிக் காட்டினார். "அப்ப இவருக்கு மூணு வயசுகூட இருந்திருக்காதுங்களே."

சுப்பையன் படத்தை உற்றுப் பார்த்தார். என்னைக் கைவிட்டது போல ஒரு பார்வை பார்த்தார். "இது யாருங்க?" என்று என்னிடமே கேட்டார்.

மேடையில் முதல் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மைக் பிடித்தவர் அந்த விவசாயியின் பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்தார். அத்தாயி மேடையின் ஓரத்தில், வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தார். கண்ணால் என்னைத் தேடுவது தெரிந்தது. கயிற்றுக்கு உள்ளே தேடிக்கொண்டிருந்தார். பொதுஜனத் தடுப்பிலிருந்து எடுத்தால் மேடையில் இருப்பவர் கட்டை விரல் அளவுகூடத் தெரிய மாட்டார். ஒரு பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அதையும் என் தாடையும் முடியும் சேர்ந்து கெடுத்துவிடும் போலிருந்தது. உண்மையாகவே அழுகை வந்தது.

"என்னங்ணா, உள்ள போகலீங்களா?"

பின்னால் யுவராஜ். கழுத்தில் பழைய கேமரா. கயிற்றுக்கு வெளியே ஓரமாக நிற்க இடம் தேடிக்கொண்டு வந்தவன். இதற்குள் இரண்டாவது பெயரும் கூப்பிட்டாயிற்று.

அப்போது சுகுணா நிமிர்ந்தார். யுவராஜைப் பார்த்தார். போனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தனபால் சாருங்களா? ஏனுங்க இவ்வளவு லேட்டு? உங்க அப்பா பாவம், எவ்வளவு நேரமா போராடறாரு. வாங்க வாங்க."

யுவராஜ் என்னைப் பார்த்தான். நான் யுவராஜின் தலையைப் பார்த்தேன். அடர்த்தியாக, இடப்பக்கம் வகிடெடுத்து, நெற்றியில் ஒரு சுருளோடு அது பேட்ஜில் இருந்தபடியே இருந்தது. அவன் எட்டி சுகுணாவின் போனைப் பார்த்தான்.

"அண்ணா," என்றான் மெதுவாக, "இது என்ர முடிதானுங்ளே."

"பேசாம போடா" என்றேன். என் கேமராவை அவன் கையில் திணித்தேன். "மூணாவது ஆளு அத்தாயி. அவங்களை எடு. கிட்டப் போய் எடு."

"லைட்டு எப்படி வெக்கறதுங்ணா?"

"இருக்கற வெளிச்சத்துல எடு. எதையும் தொடாத. போ."

போனான். சரிபார்க்கப்படாத ஒருவனையும் உள்ளே விடக் கூடாது என்று நான் கட்டச் சொன்ன கயிற்றை எனக்காகவே தூக்கிப் பிடித்து, என் பெயரைச் சொல்லி, அவனை உள்ளே விட்டார்கள். நான் வெளியே நின்று கை தட்டினேன். வேறென்ன செய்வது?

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். கேமராவின் பின்பக்கத்தில் படத்தைப் பார்த்தேன். அத்தாயி கேடயத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். வாய் பாதி திறந்து, சிரிப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால். நெற்றியில் வேர்வை. மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத இடம். மிளகுக் கறை ஏறிய விரல்கள். அவருடைய மூக்கு அவருடைய மூக்காகவே இருந்தது. பழக்க தோஷத்தில் என் கை அந்த வேர்வையைத் துடைக்கப் போய், திரையில் ரேகையைப் பதித்துவிட்டுத் திரும்பியது. இருபத்தைந்து வருஷத்தில் நான் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அத்தாயி வந்து பார்த்தார். மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இது நானேதானுங்க" என்றார்.

யுவராஜ் அதைப் போனுக்கு மாற்றி அங்கேயே மேகலாவுக்கு அனுப்பினான். ஐந்து நிமிஷத்தில் குரல் செய்தி வந்தது. போனில் திருப்பூர் மெஷின்களின் சத்தம், அதற்கு மேல் ஒரு பெண்ணின் குரல்: "ஏம்மா, அந்தப் பச்சைச் சேலையக் கட்டச் சொன்னா இதைக் கட்டிட்டுப் போயிருக்கற. கேடயத்தைத் தலகீழா வேற புடிச்சிருக்கற." பிறகு மெஷின் சத்தத்துக்கு நடுவே மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று. அத்தாயி அந்தச் செய்தியை நான்கு முறை போடச் சொல்லிக் கேட்டார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க எடுத்ததுங்களா?"

மேடைப் பதற்றத்தில் எதிரே நின்று எடுத்தது யார் என்று அவர் கவனிக்கவில்லை, கயிற்றுக்கு வெளியே நான் நின்றதும் அவருக்குத் தெரியாது. யுவராஜ் பக்கத்தில் நின்று மேகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். ஆமாம் என்று சொல்லியிருப்பேன், வார்த்தை நுனிநாக்கில் இருந்தது. இல்லை என்று சொல்லவும் துணைத் தலைவருக்கு வாய் வரவில்லை.

"பேட்ஜுல இருக்கற தம்பி எடுத்தாப்லைங்க" என்றேன்.

அத்தாயி யுவராஜை ஏற இறங்கப் பார்த்தார். "அதான பாத்தேன்" என்றார். "நல்லாருப்ப சாமி."

அடுத்த கூட்டத்தில் யுவராஜை உறுப்பினராக்க நானே முன்மொழிந்தேன். பேட்ஜுக்குப் படம் எடுக்க அவன் என் கடைக்கு வந்தான். எடுத்து முடித்ததும், வாய் சும்மா இருக்காமல், "லைட்டா டச்சப் பண்ணட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன வேணா பண்ணுங்ணா. முடியில மட்டும் கை வெச்சுறாதீங்க. அது ஏற்கனவே ரெண்டு பேருக்கு ஓடிட்டு இருக்குது" என்றான்.

ஆமாம், என் பேட்ஜில் படத்தை நான் இன்னும் மாற்றவில்லை. மாற்றுவதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதோடு புதுப் படம் ஒன்று இணைக்க வேண்டும். படம் எடுத்தாகிவிட்டது. கொஞ்சம், கண்ணுக்குக் கீழே மட்டும், லைட்டாக ஒரு வேலை பாக்கி.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் போட்டோக்காரர் இல்லை, எந்தச் சங்கத்திலும் இல்லை, உங்களுக்கு பேட்ஜும் இல்லை. சிரித்து முடித்ததும் உங்கள் போனை எடுத்து வாட்ஸப்பில் உங்கள் முகப்புப் படத்தை ஒரு தடவை பாருங்கள். எந்த வருஷம் எடுத்தது அது? அந்தச் சட்டை இப்போது உங்களுக்கு நுழைகிறதா? யாரும் உங்களைக் கேட்டதில்லை என்றால் அதற்குக் காரணம் அவர்களுடைய படமும் அப்படித்தான் என்பது. ஆனால் ஏதோ ஒரு வாசலில் ஒரு சுகுணா போனும் கையுமாக நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு மலையிலும் யாரையும் தெரியாது, உங்களையும் தெரியாது. நீங்களும் அந்தப் படத்தில் இருப்பவரும் சேர்ந்தே போய் அவர் முன்னால் நின்றால், உள்ளே போகப் போவது படத்தில் இருப்பவர்தான். உங்களை அவருடைய அப்பா என்று நினைத்து, நிழலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள்.